அச்சம் உடலில் தங்கும் விதம்

தமிழில் அச்சத்தைக் குறிக்கும் சொற்றொடர்களிற் பல உடலைப் பற்றியே எழுந்தவை. வயிற்றில் புளியைக் கரைத்தது என்பர். குலை நடுங்கிற்று என்பர். கை கால் ஓடவில்லை, நெஞ்சை அடைத்தது, மயிர் சிலிர்த்தது என்பர். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகியவற்றைச் சூழ்ந்த எல்லையோரச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. பயம் என்ற சொல்லும் பேடி என்ற சொல்லும் அங்கே மாறி மாறி வரும். எச்சொல்லானாலும் அதைச் சொல்பவரின் கை நெஞ்சுக்கோ அடிவயிற்றுக்கோ செல்வதைக் காணலாம். அச்சம் மனத்தில் எழும் ஓர் எண்ணம் மட்டுமன்று, உடல் முழுவதும் ஈடுபடும் ஒரு செயல் என்பதை மக்கள் பேச்சு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. மனோவைத்தியத்தில் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை முறைகள் பரவியது அண்மைக் காலத்திலேதான்.

இப்பகுதியில் பணிபுரியும் ஊழியர்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடற்கரைக் கிராமம் பொழியூர். அதையடுத்துக் கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடி. அதன்பின் மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என மீனவர் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததேயன்றிக் கடலில் விழவில்லை. உறவிலும் தொழிலிலும் விழவில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையருகே தோன்றிக் குமரிக்கடல் வழியே சென்ற ஒக்கிப் புயல், முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளை அகப்படுத்திற்று. இரு மாநிலத்து மீனவரிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது திரும்பவில்லை. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நீண்ட நேரம் நீரில் கிடந்து மீண்டவர்களும் உண்டு. இவையன்றி, ஆண்டுதோறும் பருவமழைக் காலத்தில் கடலரிப்பினால் வீடிழந்து பள்ளிக்கூடங்களில் தங்க நேரும் குடும்பங்களும் இக்கரையில் உள்ளன. இவர்களிடையே நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, காரணம் தெரியாத வயிற்றுவலி என்று சொல்லி வருவோரை எவ்வாறு அணுகுவது என்பதே கேள்வி.

எச்சரிக்கை மணியும் அதன் ஓய்வும்

ஆபத்தின்போது உடலில் நிகழும் மாறுதல்களை அமெரிக்க உடலியலறிஞர் வால்டர் கானன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ் பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கும், மூச்சு வேகமடையும், வயிற்றுறுப்புகளிலிருந்து இரத்தம் விலகிக் கைகால் தசைகளுக்குப் பாயும். வாய் உலர்வதும் வயிறு கலங்குவதும் இதன் விளைவுகளே. எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. ஆபத்து நீங்கியதும் எதிர்ப்பரிவு நரம்புகள், முக்கியமாக மூளையிலிருந்து மார்பின் வழியே வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு, இதயத்தையும் மூச்சையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. மணி அடிக்க ஓர் ஏற்பாடும், அதை நிறுத்த மற்றோர் ஏற்பாடும் உடலிலேயே உள்ளன.

போரிடவும் இயலாது, ஓடவும் வழியில்லை என்ற நிலையில் மூன்றாவது ஒன்று நிகழ்வதுண்டு. உடல் விறைத்து அசைவற்றுப்போகும். பூனையின் வாயில் அகப்பட்ட எலியிடம் இதைக் காணலாம். நடுக்கடலில் கவிழ்ந்த படகின்மேல் கிடப்பவனுக்கு ஓட நிலமில்லை; எதிர்க்கப் பகைவனுமில்லை. உடல் திரட்டிய வலிமை முழுவதும் செலவழிய வழியின்றி நிற்கிறது. பின்னர் அவன் கரை சேர்ந்து, வீட்டில் பாதுகாப்பாகப் படுத்திருக்கும்போதும் கூரைமேல் விழும் மழையோசை அதே மணியை அடித்துவிடுகிறது. ஆபத்து முடிந்ததென்று அவன் அறிவு அறியும், உடல் அறியாது.

இத்தகைய நிலை நீடித்து வாழ்க்கையைக் குலைக்குமாயின் அது நோயாகக் கருதப்படுகிறது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்ப் பட்டியலில் இதனைத் தனி நோயாகச் சேர்த்தது. ஆனால் பேரிடர் கண்டோர் அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. பெரும்பாலோர் குடும்பம், தொழில், வழிபாடு ஆகியவற்றின் துணையால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே தேறுகின்றனர். இதை மறந்து ஊர் முழுவதையும் நோயாளி எனக் கருதுவது பெருந்தவறு.

துளித்துளியாகச் செல்லும் சிகிச்சை

நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்பது மனோவைத்தியத்தின் வழக்கமான வாயில். உடல்வழிச் சிகிச்சை வேறொரு வாயிலால் நுழைகிறது. இதற்கு முன்னோடிகள் உண்டு. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் பெரிதும் பரவியது அமெரிக்கரான பீட்டர் லெவின் வகுத்த முறையாகும். அதற்குச் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்று பெயர். உடல் உணர்வு முறை எனத் தமிழில் கூறலாம். 1997இல் வெளியான அவருடைய நூல் இதனைப் பொதுமக்களிடையே அறியச்செய்தது. புலியிடமிருந்து தப்பிய மான் உடலை உதறி நடுங்கித் தன் இறுக்கத்தைப் போக்கிக்கொள்கிறது, மனிதன் அந்நடுக்கத்தை அடக்கிவிடுவதால் துன்புறுகிறான் என்பது அவர் கருத்து. இவ்வுவமை நினைவில் நிற்கக்கூடியது. ஆயினும் நிறுவப்பட்ட உடலியல் விதியாக அதனைக் கொள்ளலாகாது.

சிகிச்சை நடைபெறும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். புயலில் சிக்கி மீண்ட ஒருவர் வந்து அமர்வதாகக் கொள்க. சிகிச்சையாளர் புயலைப் பற்றி உடனே கேட்பதில்லை. பாதங்கள் தரையில் படிந்திருப்பதையும், நாற்காலி முதுகைத் தாங்குவதையும் கவனிக்கச் சொல்கிறார். அறையைச் சுற்றிப் பார்த்துக் கண்ணுக்கு இதமான ஏதேனும் ஒன்றில் பார்வையை நிறுத்தச் சொல்கிறார். பின்னர், உடலில் எவ்விடம் இறுகியிருக்கிறது என்று கேட்கிறார். நெஞ்சில் கல் வைத்தாற்போல் உள்ளது என்று விடை வரலாம். உடனே எதிர்க் கேள்வி ஒன்று எழும்: இறுக்கமில்லாத இடம் எது? உள்ளங்கை வெதுவெதுப்பாக உள்ளது என்று அவர் கூறின், கவனம் சிறிது நேரம் உள்ளங்கையில் நிற்கும்; பிறகு நெஞ்சுக்குச் செல்லும்; மீண்டும் கைக்குத் திரும்பும். கடிகாரத்தின் ஊசல்போல் துன்பத்திற்கும் ஆறுதலுக்கும் இடையே கவனம் சென்று வருகிறது. துன்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரவும் முடியும் என்பதை உடல் பழகிக்கொள்கிறது.

புயலின் நினைவும் இவ்வாறே சிறு துணுக்குகளாக எடுக்கப்படும். இரசாயனச் சோதனையில் பியூரெட்டிலிருந்து திரவத்தைத் துளித்துளியாக விடுவதை விஞ்ஞான ஆசிரியர்கள் அறிவர். மொத்தமாகக் கொட்டினால் நிறம் மாறும் இடம் கைதவறிவிடும். மனச் சிகிச்சையிலும் அவ்வாறே. ஒரே நாளில் முழுக் கதையையும் கறந்துவிட்டால் நோயாளி மீண்டும் அக்கடலிலேயே வீழ்ந்துவிடுவார். சிகிச்சையின்போது கைகால் நடுக்கம், கண்ணீர், கொட்டாவி, நீண்ட பெருமூச்சு ஆகியவை தோன்றலாம். இறுக்கம் தளர்வதன் அடையாளமாக இம்முறையினர் இவற்றைக் கொள்கின்றனர்; இவற்றை வலிந்து வரவழைப்பது விலக்கப்பட்டது.

தமிழகக் கடற்கரையில் கண்டவை

இம்முறைகள் வெளிநாட்டு அறைகளில் மட்டும் சோதிக்கப்பட்டவையல்ல. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் ராஜா செல்வம் முதலியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உடல்வழிச் சிகிச்சை அளித்தனர். 150 பேருக்கு 75 நிமிட அளவில் ஒரே ஒரு முறை சிகிச்சை தரப்பட்டது. எட்டு மாதங்களுக்குப் பின் விசாரித்தபோது, பத்தில் ஒன்பது பேர் தம் தொல்லைகள் பெரிதும் குறைந்தன அல்லது அறவே நீங்கின என்றனர். இவ்வாய்வு 2008இல் வெளியாயிற்று. எண்கள் வியப்பூட்டுவன. ஆனால் சிகிச்சை பெறாத மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லை. எட்டு மாதங்களில் பலர் தாமாகவே தேறியிருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது.

நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரிடையே நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒருபடி முன்னேறியது. யோக மூச்சுப் பயிற்சி பெற்றவர்களும், அதனோடு நினைவுகளை எதிர்கொள்ளும் சிகிச்சையும் பெற்றவர்களும், ஆறு வாரம் காத்திருந்தவர்களும் ஒப்பிடப்பட்டனர். காத்திருந்தோரைவிடப் பயிற்சி பெற்றோரின் துன்பம் மிகுதியாகக் குறைந்தது. அந்தமான் தீவுகளில் 47 பேர் ஒரு வாரம் யோகப் பயிற்சி செய்தபின் அச்சம், கவலை, துயரம், தூக்கக் குலைவு ஆகியவை குறைந்தனவென்று கூறினர். மூச்சு வேகமும் தணிந்திருந்தது. லெவின் முறையை இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் 63 பேரிடம் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து 2017இல் நல்ல பயன் கண்டனர். அங்கும் ஒப்பீடு காத்திருந்தோருடன்தான். வேறொரு சிகிச்சையுடன் அன்று. ஆகவே பயனுண்டு என்பதற்குச் சான்றுகள் வளர்ந்து வருகின்றன என்ற அளவில் நிற்பதே நேர்மை. உலக சுகாதார ஸ்தாபனம் 2013இல் வெளியிட்ட நெறிமுறைகள், நினைவையும் எண்ணத்தையும் முறையாகக் கையாளும் சிகிச்சையையும், கண்ணசைவு முறையையும் பரிந்துரைத்தன. உடல்வழி முறை அவற்றுக்குத் துணையாகலாம். மாற்று என்று அறிவிக்கும் காலம் வரவில்லை.

ஆசானின் வாசல்

பாறசாலை, களியக்காவிளை, விளவங்கோடு வட்டாரம் வர்ம வைத்தியத்திற்கும் அடிமுறைக்கும் பெயர்பெற்றது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 எனக் கூட்டி 108 இடங்களை ஆசான்மார் கணக்கிடுவர். அடிபட்டோர், மூட்டுப் பிசகியோர், மயங்கி வீழ்ந்தோர் ஆகியோர்க்கு இளக்குமுறையும் தடவலும் அங்கே செய்யப்படுகின்றன. வர்ம வைத்தியமும் மேலே கூறிய மனச் சிகிச்சையும் ஒன்றே எனச் சிலர் கூறுவது பொருந்தாது. ஒன்றன் நோக்கு அடிபட்ட உடல்; மற்றதன் நோக்கு, அடி ஓய்ந்தும் ஓயாத எச்சரிக்கை. வர்ம இடங்களைப் பயிற்சியில்லாதோர் அழுத்துவது தீங்கு விளைக்கும் என்பதை ஆசான்மாரே வற்புறுத்துவர்.

எனினும் ஊழியர் இதிலிருந்து அறியவேண்டுவது ஒன்றுண்டு. மனநோய் மருத்துவமனை என்றதும் நாணிப் பின்வாங்குவோர், மேல்வலி என்று சொல்லி ஆசானின் வாசலுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ தயக்கமின்றிச் செல்கின்றனர். வலியைச் சொல்வது மானக்குறைவன்று. அவ்வலியையே தொடக்கமாகக் கொண்டு, எங்கே வலிக்கிறது, எப்போது மிகுகிறது, எப்போது தணிகிறது என்று அவரவர் மொழியிலேயே கேட்டால் பல செய்திகள் தாமாகவே வெளிவரும். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றை அச்சத்தின் விளைவென்று ஊழியரே முடிவு கட்டுதல் கூடாது. இதயத்தையும் மற்ற உறுப்புகளையும் மருத்துவர் சோதித்த பின்னரே அம்முடிவுக்கு இடமுண்டு.

முடியாத ஆபத்து, கிடைக்காத உடல்

உடல்வழிச் சிகிச்சை முழுவதும் ஓர் அடிப்படைமேல் நிற்கிறது: ஆபத்து முடிந்துவிட்டது, உடல்தான் அதை அறியவில்லை என்பது. இக்கடற்கரையில் அவ்வடிப்படை பாதி மெய்யே. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டை எடுத்த அலை இவ்வாண்டு தன் வீட்டை எடுக்கலாம் என்று அஞ்சும் பெண்ணின் உடல் பொய் சொல்லவில்லை. அவளிடம் மூச்சைச் சீராக்கு, எல்லாம் சரியாகிவிடும் என்பது கேலியாகவே முடியும். தடுப்புச் சுவரும், மாற்று வீட்டு மனையும், காலத்தில் கிடைக்கும் புயலறிவிப்புமே அங்கே முதல் மருந்து. சிகிச்சையின் வேலை மணியை அறுத்தெறிவதன்று. தேவையானபோது அடிக்கவும் தேவையற்றபோது ஓயவும் அதற்கு மீண்டும் பழக்குவதாகும். கடலைக் கண்டு சிறிதும் அஞ்சாத மீனவன் நெடுநாள் வாழ்வதில்லை என்பது கரையில் உள்ளோர் அறிந்ததே.

திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கு இடர் இன்னும் பெரிது. உடல் கிடைத்தால் அடக்கம் உண்டு, அழுகைக்கு ஓர் இடமும் நாளும் உண்டு. உடல் கிடைக்காத வீட்டில் மனைவி தாலியைக் கழற்றுவதா வேண்டாவா என்பதே தீர்வதில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் சாதாரணமாக ஏழாண்டு கேட்கிறது. ஒக்கிப் புயலில் மறைந்தோர் குடும்பங்களுக்கு அவ்வளவு காலம் காத்திராமல் நிவாரணம் வழங்க அரசினர் ஏற்பாடு செய்தனர். பணம் பெற்றுக்கொள்வதே அவர் இறந்ததை ஒப்புக்கொள்வதாகும் என்று கையெழுத்திடத் தயங்கும் நிலையும் உண்டு. இத்தகையோரிடம் உடற்பயிற்சி எதுவும் விடையாகாது. உடனிருந்து, பத்திரங்களை முடித்துக்கொடுத்து, அவசரப்படுத்தாதிருத்தலே உதவி.

ஆசிரியரும் ஊழியரும் செய்யத்தக்கவை

சிகிச்சை பயிற்சி பெற்றோர்க்கு உரியது. எனினும் அதன் தொடக்கப்படிகளில் சில தீங்கற்றவை. வகுப்பறையிலும் முகாமிலும் பயன்படுவன. மூச்சை வெளிவிடும் நேரத்தை நீட்டினால் இதயத்துடிப்பு தணியும். இது எவரும் நாடியைத் தொட்டு அறியத்தக்க உடலியல் உண்மை. மூன்று எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடச் சொல்லலாம். சிறு குழந்தைகளுக்கு எண்ணிக்கை வேண்டியதில்லை. கொதிக்கும் கஞ்சியை ஊதி ஆற்றுவதுபோல் ஊதச் சொன்னால் போதும். கண்ணை மூடச் சொல்லக்கூடாது. அலையைக் கண்ட குழந்தைக்குக் கண்ணை மூடினால் தெரிவது அலையே. மாறாக, வகுப்பில் நீல நிறமுள்ள பொருள்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லலாம்; பாதங்களால் தரையை அழுத்தி நிற்கச் சொல்லலாம். வேண்டாமென்று சொல்லும் குழந்தையை விட்டுவிடல் வேண்டும். பெரியோரை அவர்கள் இசைவின்றித் தொடுதல் ஆகாது. பெண்களிடத்தில் இது மிகவும் கருதத்தக்கது.

செய்யாதிருக்க வேண்டியவை இதனினும் முக்கியம். புயலில் நான் கண்டவை என்று கட்டுரை எழுதச் செய்வதும், வந்த அதிகாரிகள் முன் குழந்தையை நிறுத்தித் தந்தை மறைந்ததைச் சொல்லச் செய்வதும் நல்லெண்ணத்தோடு இழைக்கப்படும் கொடுமைகள். பேரிடர் கண்டோரை உடனே அழைத்து ஒரே அமர்வில் முழுவதையும் பேசவைக்கும் வழக்கம் ஒருகாலத்தில் மேலைநாடுகளில் போற்றப்பட்டது. 2002இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, அது பின்வரும் நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் எனக் காட்டியது. 2011இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டியும் பேசும்படி வற்புறுத்தலை விலக்குகிறது. தாமே பேச முன்வந்தால் கேட்பது வேறு.

ஒரு மாதத்திற்கு மேலாகியும் தூக்கமின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல் ஆகியவை தணியாவிடினும், தொழிலுக்கோ பள்ளிக்கோ போகாமல் முடங்கினாலும், குடி மிகுந்தாலும் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. பாறசாலைத் தாலுகா மருத்துவமனையும் நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையும் அருகில் உள்ளன. எல்லைக்கு அப்பால் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 2022இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் மத்திய அரசின் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில், தமிழிலும் மலையாளத்திலும் பெறலாம்.

பள்ளியில் வருகைப் பதிவேட்டைக் கூர்ந்து பார்ப்பதும் பயன் தரும். நவம்பர் இறுதி வாரத்திலும், பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்திலும், காற்று மாறும் நாட்களிலும் எந்தக் குழந்தைகள் வயிற்றுவலி, தலைவலி என்று வீட்டில் தங்குகின்றனர் என்பதைத் தேதியோடு குறித்துவைக்கலாம். அக்குறிப்பை வகுப்பறையில் வெளியிடாமல் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அவ்வகுப்பை ஏற்பவர் வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்தவராயினும், எந்தக் குழந்தையை அவ்வாரத்தில் சன்னலோரம் அமர்த்தவேண்டும், யாரிடம் பாடக் கேள்வி கேட்காது விடவேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவார்.